பை தளர்ந்த கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்ட கதை

புரை ஆபரேஷனுக்காகக் கண்ணைப் பரிசோதித்தபோது, சொட்டு மருந்து விட்டும் பாவை சரியாக விரியவில்லை. கண்ணை இங்கும் அங்கும் அசைக்கச் சொல்லி ஸ்லிட் லேம்ப் என்ற கண் மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டர், "உள்ளே லென்ஸ் நடுங்குது" என்றார். நம் லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது, அந்தப் பையைச் சுற்றிலும் சோனியூல் என்ற நுண்ணிய நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன, எனக்கு அவை தளர்ந்துவிட்டன. காரணம், வெள்ளைத் துகள் படியும் சூடோஎக்ஸ்ஃபோலியேஷன். கண்ணில் பலமாக அடிபட்டவர்களுக்கும் மார்ஃபன் என்ற மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கும்கூட இப்படி ஆகலாம்.

வழக்கமாகப் புரையை எடுத்துவிட்டு அதே பைக்குள்தான் செயற்கை லென்ஸை வைப்பார்கள். பையே ஆடினால் எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்கிற டாக்டர் கிடைத்தால்தான் சம்மதிக்க வேண்டும் என்பேன். நார்கள் கொஞ்சம்தான் போயிருந்தால் பைக்குள் சிடிஆர் வளையம் வைத்து விரித்துப் பிடிக்கலாம், அதிகம் போயிருந்தால் கொக்கியுள்ள வளையத்தை வெள்ளை விழியோடு தைக்கலாம், பை நிற்கவே இல்லையென்றால் லென்ஸின் இரு பக்கமும் நீண்டிருக்கும் கம்பி போன்ற கால்களை வெள்ளை விழிக்குள்ளேயே செருகலாம் அல்லது பாவையைச் சுற்றியுள்ள நிறப் பகுதியான ஐரிஸைக் கவ்வும் லென்ஸ் வைக்கலாம், எது என்று ஆபரேஷன் டேபிளில்தான் முடிவாகும் என்றார் என் டாக்டர். தூரமும் கிட்டவும் காட்டும் மல்டிஃபோக்கல் லென்ஸ் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். லென்ஸ் துளி சாய்ந்தாலும் அதில் பார்வை கெடுமாம். சரி, அந்தக் காசு மிச்சம்!

மரத்துப்போக ஊசி போட்டதால் வலியில்லை, பேச்சு மட்டும் கேட்டது. வளையம் வைத்தும் பை நிற்கவில்லை. பையையே எடுத்துவிட்டு, கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் ஜெல்லில் முன்னே வந்ததை வெட்டி அகற்றி, யமானே முறைக்குப் போனார்கள். ஜப்பானிய டாக்டர் ஷின் யமானே 2017இல் வெளியிட்டது: லென்ஸின் இரு கால்களையும் மெல்லிய ஊசி வழியாக வெளியே இழுத்து, நுனியைச் சூட்டில் உருக்கிக் குமிழாக்கி, வெள்ளை விழிக்குள் அமுக்கிவிடுவார்கள். தையலும் கிடையாது, பசையும் கிடையாது.

அப்புறம்தான் பொறுமை வேண்டியிருந்தது. கண் அழுத்தம் ஏறித் தலைவலி, மங்கல், ஸ்டீராய்டு சொட்டு, விழித்திரைக்கு ஸ்கேன். மின்னல் மாதிரி வெட்டினாலோ, புதிதாகப் புள்ளிகள் மிதந்தாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ விழித்திரை விலகலாக இருக்கலாம், உடனே வரவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கண்ணைக் கசக்கவும் தடை. இப்போது கண்ணாடி போட்டால் நன்றாகவே படிக்கிறேன்.

அடுத்த கண்ணிலும் துகள் தெரிகிறது. புரை முற்றிக் கல்லானால் அதை உடைக்கும்போது நார்கள் இன்னும் அறுபடும் என்பதால் அந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடப் போவதில்லை, தேதி கேட்டிருக்கிறேன்.