கணுவைப் பார்த்துக் கீரை பறிப்போம்

ஐப்பசி மழை இறங்கி ஒரு வாரம் ஆனால் எங்கள் பக்கத்துச் செம்மண் பொட்டல் முழுக்கப் பச்சை கட்டிவிடும். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட இப்போது அதை மிதித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஊருணிக்கரையை ஒரு சுற்று வந்தால் அன்றைக்குக் கீரை மசியலுக்கு ஆகிவிடும். எதைப் பறிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்பத்தா கீரைக்குக் கூட்டிப்போகும்போது சொல்லும்: "இலையை மட்டும் பாத்துக் கை வைக்காத ஆத்தா, கணுவைப் பாரு." சாரணையையும் மூக்கிரட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஏன் என்று புரியும். இரண்டும் தரையோடு படரும். இரண்டின் தண்டிலும் சிவப்பு ஓடும். எதிரெதிராக நிற்கும் இலைகளில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அதுவும் இரண்டுக்கும் பொதுதான்.

தண்டைத் தூக்கிக் கணுவைப் பாருங்கள். சாரணையில் இலைக்காம்பின் அடி அகன்று, சின்னச் சுருக்குப்பை மாதிரி தண்டைக் கவ்வியிருக்கும். பூ அந்தப் பைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், காம்பு நீட்டி வெளியே வராது. முற்றியதை நகத்தால் கீறினால் கறுப்பு விதை உதிரும். மூக்கிரட்டையில் இந்தப் பை கிடையாது. மெல்லிய காம்புகள் கிளை கிளையாக நீண்டு, நுனியில் பொடிப்பொடியாக ரோஸ் பூ நிற்கும். காய் பிசுபிசுவென்று சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். வேர் தடித்து ஆழமாக இறங்கியிருக்கும்; அதைப் பிடுங்காமல் கொழுந்தை மட்டும் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். மூக்கிரட்டையைப் பருப்புப் போட்டுக் கடைவோம். சாரணையில் இளசு மட்டும்தான் எடுப்போம்.

கீழாநெல்லிக்கும் அடிப்பக்கம்தான் சாட்சி. காய் வரிசையாக இலைக்குக் கீழே தொங்கும். தண்டு பச்சையாக, காய் வழவழப்பாகச் சின்னக் காம்போடு இருந்தால் கீழாநெல்லி. தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாகத் தண்டோடு ஒட்டியிருந்தால் அது இன்னொரு வகை.

வேலியில் படரும் முடக்கத்தானை அடையாளம் காண்பது சுலபம். மூன்று பட்டையாக உப்பிய காயை உடைத்தால், கறுப்பு விதையில் இதய வடிவில் வெள்ளைக் குறி இருக்கும்.

அதே வேலியில் செங்காந்தளும் ஏறும். மாநில மலர், அழகுக்குக் குறைவில்லை. பூ இல்லாத காலத்தில் இலை நுனியைப் பாருங்கள்: நுனியே சுருண்டு பக்கத்துக் கொப்பைப் பற்றியிருக்கும். அதன் கிழங்கைத்தான் கண்வலிக்கிழங்கு என்கிறோம். உண்ணும் கிழங்கு என்று நினைத்துத் தின்றவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். அதிலுள்ள கொல்ச்சிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது. குன்றிமணியும் அப்படித்தான்: பல்லாங்குழிக்கு அழகாக இருக்கிறது என்று பொறுக்கி வருவார்கள், ஆனால் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். களைக்கொல்லி அடித்த வயல் வரப்பிலும், சாக்கடைத் தண்ணீர் பாயும் இடத்திலும், ரோட்டு ஓரத்திலும் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் பறிக்காதீர்கள். நல்ல இடம் தேடுவதுதான் இப்போது பெரும்பாடு. கண்மாய் உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. அதன் அடியில் புல்லே சரியாக முளைப்பதில்லை, கீரை எங்கே முளைக்கும்? ஆடு மாடு இறங்காமல் வேலி போட்டுக் காக்கிற ஊருணிக் கரைகளில் இன்னும் எல்லாம் இருக்கிறது.

பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் கார்த்திகைக்குள் போங்கள். பூவும் காயும் ஒரே செடியில் கிடைக்கும், காட்டிக் கொடுக்க வசதி. மார்கழி கடைசியில் எல்லாம் முற்றி நார் ஏறிவிடும்.