பன்னிரண்டு சம்பளச் சீட்டுகள்

எங்கள் திருமணம் 2023 நவம்பரில் யாழ்ப்பாணத்து நல்லூரில் நடந்தது. பதினெட்டு நாள் விடுமுறை முடிந்து நான் லண்டனுக்குத் திரும்பிவிட்டேன். டிசம்பர் 4ஆம் திகதி மாலை, ஹாரோவில் நான் வேலை செய்யும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஓர் அம்மையாருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைப்பவர்களின் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 18,600 பவுண்டிலிருந்து 38,700 ஆகப் போகிறது என்றார்கள். கையில் கரண்டி அப்படியே நின்றது.

இரண்டு வாரம் கழித்து அரசு சற்றே இறங்கி வந்தது. உயர்வு படிப்படியாக வரும், முதலில் 29,000 என்றார்கள். அது 2024 ஏப்ரல் 11ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்த நாளுக்கு முன்பு விண்ணப்பித்திருந்தால் 18,600 போதும். என்னால் முடியவில்லை. அறுவைச் சிகிச்சை செய்த அம்மாவைப் பார்ப்பதற்காக 2023ஆம் ஆண்டின் பெரும்பகுதி நான் வேலைக்குப் போகவில்லை. பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தது 2023 ஒக்டோபர் 16. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் நிறைவாக வேண்டும். இல்லையென்றால் கடந்த பன்னிரண்டு மாத வருமானத்தையும் காட்ட வேண்டும், அது என்னிடம் இல்லை. எனக்கு ஆறு மாதம் நிறைந்தது ஏப்ரல் 15. நான்கு நாளில் போனது எங்கள் ஒரு வருடம்.

இந்த நிபந்தனை 2012 ஜூலையில் வந்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. பிள்ளைகளின் நலனை அரசு போதிய அளவு கவனிக்கவில்லை என்று நீதிபதிகள் கண்டித்தார்கள், ஆனால் வருமான எல்லையைச் செல்லாது என்று சொல்லவில்லை. 2024 ஜூலையில் ஆட்சி மாறியபோது எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. அடுத்த கட்ட உயர்வுகளை நிறுத்தி, மறுஆய்வுக்கு அனுப்பினார்கள். 29,000 மட்டும் அப்படியே நின்றது.

அந்தத் தொகை என்ன அர்த்தம் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் உணர்ந்தேன். 2024 ஏப்ரலில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண்டாக இருந்தது. வாரம் முப்பத்தேழரை மணி நேரம் வருடம் முழுக்க உழைத்தாலும் அப்போது 22,308 பவுண்ட்தான் வந்திருக்கும். கொரோனாக் காலத்தில் நாடே பாராட்டிக் கைதட்டிய பராமரிப்புப் பணியாளர்கள், முழுநேரம் வேலை செய்தும் தங்கள் கணவனுடன் வாழத் தகுதி பெற முடியாது. இது அநியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

என் கணவர் சாவகச்சேரியில் அரச பாடசாலையில் கணித ஆசிரியர், பதினொரு வருடச் சேவை. அவருடைய சம்பளத்தையும் காட்டலாம் என்றுதான் நினைத்திருந்தோம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது, வேலை வருமானம் என்றால் இங்கே இருப்பவருடையதை மட்டுமே பார்ப்பார்கள். இதைச் சொன்னபோது தொலைபேசியில் நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்படியென்றால் நான் உமக்குச் சுமையா?" என்று கேட்டார். பதினொரு வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்த மனிதர். அந்தக் கேள்வி என்னை அழ வைத்தது போல இந்த விசா விஷயத்தில் வேறு எதுவும் அழ வைக்கவில்லை.

சேமிப்பைக் காட்டி வருமானக் குறையை ஈடுசெய்ய ஒரு வழி உண்டு. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். முதல் 16,000 பவுண்ட் கணக்கிலேயே சேராது. அதற்கு மேல், வருமானத்தில் விழும் குறையை இரண்டரையால் பெருக்க வேண்டும். ஒருவருடைய வருமானம் 26,000 என்றால் குறை 3,000. அதன் இரண்டரை மடங்கு 7,500. அதோடு 16,000 சேர்த்தால் 23,500 பவுண்ட் கையில் இருக்க வேண்டும். வருமானமே இல்லாதவருக்கு 88,500. அந்தப் பணம் ஆறு மாதம் கணக்கில் இருந்திருக்க வேண்டும். யாரும் அன்பளிப்பாகத் தரலாம், கடனாக இருக்கக் கூடாது. 16,000 பவுண்ட் என்பதே அப்போது ஏறத்தாழ அறுபது இலட்சம் ரூபாய். மாமி ஒரு நாள் அழைத்து, "பிள்ளை, அந்தக் காணியை விற்றுவிடுவோம்" என்றார். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போய், பல வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்த காணி அது. வேண்டாம் மாமி, நான் உழைத்துக் காட்டுகிறேன் என்றேன்.

எனக்கு நேரக் கூலி. மாதச் சம்பளக்காரர்களுக்கு ஆறு மாதத்தில் எந்தக் கட்டத்தில் சம்பளம் மிகக் குறைவோ அதைத்தான் அடிப்படையாக எடுப்பார்கள். நேரக் கூலிக்காரர்களுக்கு ஆறு மாத மொத்தத்தைக் கூட்டி, ஆறால் வகுத்து, பன்னிரண்டால் பெருக்குவார்கள். வரி பிடிப்பதற்கு முந்தைய தொகைதான் கணக்கு. ஆகவே எனக்கு வேண்டியது ஆறு மாதத்தில் 14,500 பவுண்ட். ஆண்டு வருமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தவரை மலையாகத் தெரிந்தது, இப்படிப் பிரித்ததும் ஒரு வேலைத்திட்டம் ஆனது.

அப்போது என் கூலி மணிக்கு 12 பவுண்ட், வாரம் 36 மணி நேரம். இருபத்தாறு வாரத்துக்கு 11,232. ஜூலை கடைசியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சனிக்கிழமை எட்டு மணி நேர வேலை எடுத்தேன், அங்கும் 12 பவுண்ட். அது 2,496. இரண்டும் சேர்த்து 13,728. மீதி 772 பவுண்டுக்குக் கூடுதல் ஷிப்ட்டுகள், சுமார் 65 மணி நேரம். இரண்டு வேலைகளின் வருமானத்தையும் கூட்டிக் காட்டலாம், ஆனால் இரண்டிலும் ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். அதனால் இரண்டாவது வேலை தேடுபவர்கள் அதில் சேரும் நாளைத்தான் தொடக்கமாக எண்ண வேண்டும். நான் அடுப்படிச் சுவரில் நாட்காட்டியைத் தொங்கவிட்டு ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் மணி நேரத்தை எழுதினேன். அம்மா மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பார்.

அந்த ஆறு மாதமும் நான் யாழ்ப்பாணம் போகவில்லை. போனால் கூடுதல் ஷிப்ட்டுகள் போய்விடும், சராசரி விழுந்துவிடும். எங்கள் முதலாவது திருமண நாளன்று இரவு வேலை. விடிய நான்கு மணிக்கு, அங்கே காலை ஒன்பதரை, பாடசாலையிலிருந்து அழைத்தார். "நீர் ஏதாவது சாப்பிட்டீரா?" என்றார். அவ்வளவுதான் பேச முடிந்தது, மணி அடித்துவிட்டது.

ஜனவரிக் கடைசியில் பன்னிரண்டு சம்பளச் சீட்டுகளும் சேர்ந்தன. மொத்தம் 14,938 பவுண்ட், ஆண்டுக் கணக்கில் 29,876. எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்தில்தான் ஒரு சிக்கல். ஒவ்வொரு சீட்டிலும் கைக்கு வந்ததாகக் காட்டும் தொகை, வங்கிக் கூற்றில் வந்து விழுந்த தொகையோடு பொருந்த வேண்டும். செப்டெம்பரில் பொருந்தவில்லை. அந்த மாதம் சம்பளக் கணக்கில் தவறு நடந்து, 300 பவுண்டைத் தனியாக ஒரு வாரம் பிந்திப் போட்டிருந்தார்கள். மூன்றாவது நபர் ஒருவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகப்படுவார். சம்பளப் பிரிவிடம் விளக்கக் கடிதம் கேட்டு நான்கு தடவை போனேன். கடைசியில் தொகை, திகதி, காரணம் மூன்றையும் குறிப்பிட்டுக் கொடுத்தார்கள்.

வேலைக் கடிதமும் அப்படித்தான். முதலில் கொடுத்தது, இவர் எங்கள் ஊழியர், நல்லவர் என்று இரண்டு வரி. நல்லவர் என்பது அங்கே யாருக்கும் தேவையில்லை. வேலையில் சேர்ந்த நாள், ஆண்டுச் சம்பளம், எத்தனை நாளாக அந்தச் சம்பளம், வேலை நிரந்தரமா தற்காலிகமா என்பதெல்லாம் இருக்க வேண்டும். நானே தேவையான விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்த பிறகு சரியாக வந்தது. வங்கிக்குப் போய் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வாங்கினேன். வருமான ஆவணங்களின் கடைசித் திகதி விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்க வேண்டும் என்பதால் இதற்கெல்லாம் நிறைய அவகாசமும் இல்லை.

மற்றவை சிரமமின்றி முடிந்தன. கணவர் ஆங்கிலப் பேச்சுத் தேர்வை முடித்திருந்தார். காசநோய்ப் பரிசோதனைக்கும் கைரேகைக்கும் கொழும்புக்குப் போய்வந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படங்களும், பயண டிக்கெட்டுகளும், அம்மாவின் வீட்டில் தங்குவதற்கான கடிதமும் இணைத்தோம். அப்போது விண்ணப்பக் கட்டணம் 1,846 பவுண்ட், மூன்று வருடத்துக்கான சுகாதாரக் கட்டணம் 3,105. இந்த 4,951 பவுண்டை அம்மா தன் சீட்டுப் பணத்திலிருந்து தந்தார். 2025 பெப்ரவரி 5ஆம் திகதி அனுப்பினேன்.

பதினொரு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணவரிடமிருந்து ஒரு படம் வந்தது. மின்னஞ்சலைத் திரையோடு படம் பிடித்திருந்தார், கை நடுங்கியதால் எழுத்துகள் மங்கலாக இருந்தன. நான் அதை வாசிக்க முடியாமல், அன்று ஊட்டிக்கொண்டிருந்த அம்மையாரின் மகளிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார்.

மே மாதம் என் கணவர் வந்து சேர்ந்தார். இப்போது ஒரு பாடசாலையில் கற்பித்தல் உதவியாளராக இருக்கிறார். விசா 33 மாதம். நீட்டிக்கும்போது மீண்டும் 29,000 காட்ட வேண்டும், ஆனால் இந்தத் தடவை அவருடைய சம்பளமும் சேரும். 2024 ஏப்ரல் 11க்கு முன்பு இதே விசாவுக்கு விண்ணப்பித்தவர்கள் நீட்டிப்பிலும் பழைய எல்லையிலேயே தொடரலாம். எங்களுக்கு அது இல்லை.

அவருடைய முதலாவது சம்பளச் சீட்டு வந்த அன்று, நான் கேட்காமலே அதில் துளையிட்டு என்னுடைய கோப்பில் போட்டார். முன்பக்கத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறார்: அடுத்த ஆறு மாதம், 2027 ஜூலையிலிருந்து.