பி2 ஸ்லாட் ஒருவழியாக உயிர் பெற்றது

நானே கோத்த புதுக் கணினியில், நேற்று இரவு பதினொன்றரைக்கு பயாஸ் திரையில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) ராம் 32 ஜிபி என்று வந்தது. ஐந்து நாளாக அந்த இடத்தில் 16 என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒற்றை ராமைப் போட்டால்தான். இரண்டாவதையும் செருகினால் திரையே வராது, போர்டு ஓரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தபடி அப்படியே நிற்கும். கோளாறு ராமில் இல்லை, மதர்போர்டில் இல்லை, ப்ராசசரிலும் இல்லை. ப்ராசசரைக் குளிர்விக்கும் கூலரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஐந்து இரவு ஆனது. ஏஎம்5 (ஏஎம்டியின் ப்ராசசர் சாக்கெட் வகை) போர்டில் இதே மாதிரி மாட்டிக்கொள்கிறவருக்கு ஒரு இரவாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

பாகங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ரைசன் 7 7700, பி650 சிப்செட் போர்டு, டிடிஆர்5 6000 சிஎல் 30 கிட் (16 ஜிபி இரண்டு), இரட்டைக் கோபுர ஏர் கூலர். கிராபிக்ஸ் கார்டும் 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) கேபினட்டும் பழைய ரைசன் 5 3600 சிஸ்டத்தில் இருந்து வந்தவை. 7700எக்ஸ் வாங்கலாமே என்று நண்பர் சொன்னார். எக்ஸ் போடாத 7700 முழு வேலையில் 88 வாட்டோடு நின்றுவிடும், எக்ஸ் 142 வரை போகும். அந்தக் கூடுதல் 54 வாட்டுக்குக் கிடைக்கிற வேகம் சொற்பம். ஸ்கேன் செய்த பழைய போட்டோக்களைச் சீர்ப்படுத்துகிற என் வேலைக்கு எட்டு கோரும் சத்தமில்லாத அறையும்தான் முக்கியம். அந்த முடிவில் எனக்கு இப்போதும் முழுத் திருப்தி.

ராம் தேர்வில்தான் நிறைய நேரம் செலவழித்தேன். பெட்டியில் 6000 என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சிஎல் எண்ணை (ராம் பதில் தர எடுக்கும் சுற்றுகள்) 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ செகண்டில் காத்திருப்பு நேரம் கிடைக்கும். 6000 சிஎல் 30 என்றால் 10. 6000 சிஎல் 40 என்றால் 13.3. பெட்டியில் இரண்டும் ஒரே வேகம், உள்ளே மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். ரைசன் 7000 வரிசைக்கு 6000 தோதான இடம். ராமோடு பேசும் பகுதியான மெமரி கன்ட்ரோலர், ராமோடு (6000 ராமின் நிஜக் கடிகார வேகம் 3000) ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 3000 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அதற்கு மேலே போனால் எல்லா ப்ராசசரும் ஒத்துழைக்காது.

முதலில் வந்த கிட்டின் பிளாஸ்டிக் உறை ஏற்கெனவே கிழிந்து, டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. வேறொருவர் திருப்பிக் கொடுத்ததை எனக்கு அனுப்பிவிட்டார்கள் போல. விற்றவரிடம் சொன்னால், நீங்கள்தான் பிரித்திருக்கிறீர்கள் என்றார். பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கையில் இருந்ததால் மாற்றிக் கொடுத்தார். ராம், ப்ராசசர், போர்டு மூன்றையும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரிப்பது என் பழக்கம். இந்த முறை அது பத்து நாள் சண்டையை மிச்சம் பிடித்தது.

கோத்தெடுத்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: ப்ராசசருக்கான 8 பின் பவர் கேபிளை, போர்டைக் கேபினட்டுக்குள் இறக்கும் முன்பே மேல் ஓட்டை வழியாக இழுத்து வைத்துவிடுங்கள். இரட்டைக் கோபுரக் கூலர் ஏறிவிட்டால் அந்த மூலைக்குள் விரல் நுழையாது.

இனி கூலர். ஏஎம்4 காலத்தில் எனக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. 3600-இன் கூலரைக் கழற்றும்போது, காய்ந்த தெர்மல் பேஸ்ட் (ப்ராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் பூசுவது) பிடித்துக்கொண்டு, லீவர் பூட்டியிருக்க ப்ராசசரும் சாக்கெட்டில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்த ப்ராசசரின் அடியில் 1331 பின். நான்கு வளைந்துபோய், மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குழாயை நுழைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஏஎம்5-இல் பின்கள் சாக்கெட்டுக்கு மாறிவிட்டன, ப்ராசசரை இரும்புச் சட்டம் பிடித்துக்கொள்கிறது, அதனால் பிடுங்கிக்கொண்டு வர வழியில்லை. இந்த நிம்மதியில் கூலரை இறுக்கும்போது நான் தாராளமாக இருந்துவிட்டேன்.

என் கூலருக்கு இரண்டே ஸ்பிரிங் ஸ்க்ரூ. ஒன்று மேலே, ஒன்று கீழே, இரண்டும் கோபுரங்களுக்கு நடுவில் ஆழத்தில் இருக்கும். நீளத் திருப்புளி வேண்டும். முதல்முறை மேல் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கிவிட்டுக் கீழே வந்தேன். கீழ் ஸ்க்ரூ எளிதில் பிடிக்கவில்லை, அழுத்திப் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. அந்த இடத்திலேயே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். சில கூலர்களில் ஸ்க்ரூ ஒரு இடத்தில் முட்டி நின்றுவிடும், அதற்கு மேல் போகாது. என்னுடையதில் அந்தத் தடுப்பு இல்லை, இறுக்க இறுக்க இறங்கிக்கொண்டே போனது.

பவர் கொடுத்தேன். விசிறிகள் சுற்றின, ராம் கோளாறைக் காட்டும் மஞ்சள் டிராம் (DRAM) விளக்கு எரிந்தது. டிடிஆர்5-இல் முதல்முறை மெமரி ட்ரெய்னிங் (ராமோடு பேசும் நேரக்கணக்கைச் சரிசெய்துகொள்வது) நடக்கும், சில நிமிடம் கறுப்புத் திரைதான் என்று தெரியும், அதனால் கை வைக்காமல் காத்திருந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். விளக்கு நகரவில்லை.

ஒரு ராமை எடுத்துவிட்டு ஏ2-வில் மட்டும் போட்டேன் (ப்ராசசரில் இருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்). ஒன்றரை நிமிடத்தில் திரை வந்தது. மற்ற ராமை அதே ஏ2-வில் போட்டாலும் வந்தது. ஆக இரண்டு ராமும் நல்லவை. நான்காவது ஸ்லாட்டான பி2-வில் எதைப் போட்டாலும் மஞ்சள் விளக்கு. பி1-இலும் அதேதான். பி1, பி2 இரண்டும் சேர்ந்த பி சேனல் (ராமுக்குப் போகும் இரண்டு பாதைகளில் ஒன்று) முழுக்கச் செத்திருந்தது.

போர்டு பழுது என்ற முடிவுக்கு அப்போதே வந்துவிட்டேன், மாற்றச் சொல்லி மெயிலும் பாதி எழுதிவிட்டேன். அனுப்பும் முன்னால் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று பயாஸ் அமைப்புகளைக் காத்துவைக்கும் சீமாஸ் பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் வைத்தேன். பலனில்லை. பயாஸைப் புதுப்பித்தேன். இது எப்படியும் செய்ய வேண்டியதுதான்: 2023-இல் 7000 எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில கருகிய பிறகு, எஸ்ஓசி வோல்ட்டேஜ் (ப்ராசசரில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கான மின்னழுத்தம்) 1.3-ஐத் தாண்டாமல் பயாஸ் வழியாகவே கட்டுப்போட்டார்கள். அதற்கு முந்தைய பயாஸோடு யாரும் ராம் வேகத்தைக் கூட்டக் கூடாது. புதுப்பித்தும் பி2 அசையவில்லை. ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், தூசுகூட இல்லை.

நான்காம் நாள் கூலரைக் கழற்றினேன், சாக்கெட்டில் பின் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பார்க்க. ப்ராசசரை எடுத்துவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்து, போன் கேமராவில் பெரிதாக்கி, வரிசை வரிசையாகப் பார்த்தேன். வளைந்த பின் இருந்தால் அது மட்டும் வேறு மாதிரி மின்னும். எல்லாம் ஒரே சீராக மின்னின. மறுபடியும் போர்டுதான் என்று மனசு அதே இடத்துக்குப் போனது.

பேஸ்ட்டைத் துடைக்கத் துணியை எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. ப்ராசசர் மூடியின் மேல் ஓரத்தில் உலோகம் தெரிகிற அளவுக்குப் பேஸ்ட் மெலிந்திருந்தது. கீழ் ஓரத்தில் தடிப்பாக, பூசிய வாக்கில் அப்படியே இருந்தது. கூலரின் அடிப்பாகத்திலும் அதே தடம். அதாவது கூலர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்ததை யோசிக்க நேரமாகவில்லை. ப்ராசசரின் அடியில் 1718 தொடுபுள்ளிகள். சாக்கெட்டில் இருக்கும் பின் ஒவ்வொன்றும் வளைந்த மெல்லிய ஸ்பிரிங். அழுத்தம் சீராக இருந்தால்தான் எல்லாமே தொடும். மெமரி கன்ட்ரோலர் ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது, ராம் ஸ்லாட்டில் இருந்து கோடுகள் நேராக இந்தப் புள்ளிகளுக்குத்தான் வருகின்றன. ஏ சேனலுக்கு ஒரு கூட்டம், பி சேனலுக்கு இன்னொரு கூட்டம். பி கூட்டத்தில் ஒரு புள்ளி சரியாகத் தொடாவிட்டாலும் ட்ரெய்னிங் முடியாது, விளக்கு மஞ்சளிலேயே நிற்கும். இரும்புச் சட்டம் பிடித்திருக்கிறதே என்று நான் நம்பியிருந்தேன். மேலே இருந்து கூலர் ஒருபக்கமாக அமுக்கினால், சட்டத்துக்குள்ளேயே ப்ராசசர் மயிரிழை அளவு சாயத்தான் செய்யும். அந்த மயிரிழை போதும்.

இரண்டாவது முறை பூட்டியதை அப்படியே சொல்கிறேன். திருப்புளியின் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டேன், அரைச் சுற்றை எண்ணுவதற்கு. கூலரை நேராக மேலே இருந்து இறக்கி, இடது கையால் நடுவில் பிடித்துக்கொண்டு, இரண்டு ஸ்க்ரூவும் மரையைக் கடிக்கிற வரைக்கும் மட்டும் திருகினேன். ஏறும் முன்பே எதிர்த்திசையில் லேசாகத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், மரை அங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து மேலே அரைச் சுற்று, கீழே அரைச் சுற்று. மறுபடி மேலே அரை, கீழே அரை. ஒன்பது முறை மாற்றி மாற்றிப் போனதும் இரண்டிலும் ஒரே மாதிரிப் பிடிப்பு தெரிந்தது. விரல் நுனியால் மட்டும் திருப்புளியைப் பிடித்திருந்தேன், உள்ளங்கை கொண்டு இறுக்கவில்லை. பிடிப்பு சட்டென்று கூடிய இடத்தில் நிறுத்திவிட்டேன்.

இரண்டு ராமையும் செருகிப் பவர் கொடுத்தேன். இரண்டு நிமிடம் மஞ்சள், பிறகு வெள்ளை, பிறகு பச்சை. 32 ஜிபி.

ஆனாலும் ஒரு சந்தேகம் அரித்தது. ப்ராசசரை எடுத்துத் திரும்ப வைத்ததால் சரியாகியிருக்கலாம், ஸ்க்ரூவால் இல்லாமலும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் மூட மனம் வரவில்லை. பவரை நிறுத்தி, கீழ் ஸ்க்ரூவை நான்கு அரைச் சுற்று தளர்த்தி, மேல் ஸ்க்ரூவை முன்பு போலவே முழுக்க இறுக்கினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது, பத்து நிமிடமும் அணையவில்லை. மறுபடி இரண்டையும் சமப்படுத்தினேன், 32 ஜிபி திரும்பி வந்தது. இதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை. பாதி எழுதிய மெயிலை அழித்தேன். நல்ல போர்டைத் திருப்பி அனுப்ப இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

இந்தச் சோதனையில் பேஸ்ட் கலைந்திருக்கும் என்பதால் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு இரண்டு பக்கமும் துடைத்து, புதிதாகப் பூசி, அதே அரைச் சுற்றுக் கணக்கில் மூன்றாம் முறை பூட்டினேன். ஏஎம்5 மூடியின் ஓரங்களில் வெட்டு வெட்டாக இடைவெளி இருக்கும், பேஸ்ட் தாராளமாக வைத்தால் அதற்குள் வழிந்து இறங்கும், துடைக்க எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். நடுவில் பட்டாணி அளவும், நான்கு மூலையில் கடுகு அளவும் வைத்தேன். பயாஸில் சும்மா நிற்கும்போது முன்பு 58 டிகிரி காட்டிய ப்ராசசர் இப்போது 45-இல் நிற்கிறது. முதல் நாளே அந்த 58-ஐ நான் கவனித்திருக்கிறேன், புது பேஸ்ட் படியும் வரை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சாய்ந்த கூலர் அன்றைக்கே அந்த எண்ணில் தெரிந்திருக்கிறது.

அடுத்து எக்ஸ்போ, ராமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்குக் கொண்டுபோகும் பயாஸ் அமைப்பு. அதை இயக்கினால்தான் ராம் 4800-இல் இருந்து 6000-க்குப் போகும், 1.35 வோல்ட்டில். முதல் ட்ரெய்னிங் மூன்று நிமிடம் எடுத்தது. ஒரு சேனலுக்கு நொடிக்கு 48 ஜிபி, இரண்டுக்கும் சேர்த்து 96. பி2 செத்திருந்தபோது இதில் பாதி எனக்கு இல்லாமலே போயிருந்தது. மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை இன்னும் இயக்கவில்லை. அதை இயக்கினால் ஒவ்வொரு முறையும் ட்ரெய்னிங் நடக்காது, சீக்கிரம் பூட் ஆகும். ஆனால் பழுது தேடுகிற காலத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாக ட்ரெய்னிங் நடப்பதுதான் எனக்கு வேண்டும், சேனல் மறுபடி மக்கர் செய்தால் உடனே தெரியும்.

நான்கு ஸ்லாட் இருக்கிறதே, இன்னொரு கிட் வாங்கி 64 ஆக்கலாமே என்று கேட்பார்கள். செய்ய மாட்டேன். ரைசன் 7000-க்கு நான்கு ராமோடு ஏஎம்டி உறுதி சொல்வது 3600 மட்டும்தான், இரண்டோடு 5200. நான்கையும் 6000-இல் ஓட்டிக் காட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அந்தப் போராட்டம் வேண்டாம். போட்டோ வேலைக்கு 64 தேவைப்பட்டால் இந்தக் கிட்டை விற்றுவிட்டு 32 ஜிபி இரண்டாக ஒரே கிட் வாங்குவேன். ஒரே மாடல் எண் கொண்ட இரண்டு கிட்டில்கூட உள்ளே வேறு வேறு சிப் வரும், சேர்த்து வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

அதற்கு முன்னால் இரண்டாவது எம்.2 டிரைவ் ஒன்று வாங்க வேண்டும், ஸ்கேன் கோப்புகளுக்கு மட்டுமாக. முன்பக்க விசிறி இரண்டையும் 140 மில்லிமீட்டருக்கு மாற்றவும் ஆசை. 120 ஒரே காற்றுக்குச் சத்தமாகச் சுற்றுகிறது, இரவு வேலையில் காதில் விழுகிறது. கேபிள்களை இன்னும் கட்டவில்லை, முன்பக்க யூஎஸ்பி கேபிள் ராமுக்கு மேல் குறுக்கே கிடக்கிறது, பக்கவாட்டுத் தகடு சுவரில் சாய்ந்திருக்கிறது.

இப்போது ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடுகிறது. இரண்டு சுற்று பிழையில்லாமல் முடிந்தது, மூன்றாவது பாதியில் இருக்கிறது. நான்கு முடிந்த பிறகுதான் தகட்டை மாட்டுவேன்.