நூறு ரூபாய்த் தாளில் ஒரு சீனிவாசன்

மொரீஷியஸ் போய்வந்த அலுவலக நண்பர், இன்று மதியம் சாப்பிடும்போது ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அந்த ஊர் ரூபாய்.

அதில் தொகையை எழுதியிருக்கும் மொழிகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ். இந்தி அதற்கப்புறம்தான்.

1998இல் புதிய தாள்களில் இந்த வரிசையை மாற்றி, தமிழை மூன்றாவதாகப் போட்டுவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கொந்தளிக்க, அச்சடித்த தாள்களையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

தாளில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன். அரசியல்வாதி, வழக்கறிஞர். பெயரை பிரெஞ்சு வாடையோடு எழுதியிருப்பதால், எழுத்துக்கூட்டிப் படித்தால் 'ரெங்கநாதேன் சீனிவாசேன்' என்று வருகிறது! இரண்டு தடவை சொல்லிப் பார்த்த பிறகுதான் நம்ம ஆள் என்று உறைத்தது.

மொரீஷியஸை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்கள் போயிருக்கிறார்கள். 1834க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். தலைநகர் போர்ட் லூயிஸில் அவர்கள் ஏறிவந்த ஆப்ரவாசி காட் படிகள் இன்றும் இருக்கின்றன.

இன்று அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி. தமிழ் பேச வராது. ஆனால் தைப்பூசக் காவடிக்கு நாட்டுக்கே அரசு விடுமுறை.

நண்பர் ஒரு வீட்டில் சாப்பிட்டாராம். "இது என்ன?" என்று கேட்டதற்கு "ப்ரெட் முரூம்" என்றார்களாம். ப்ரெட் என்றால் கீரை. முரூம்?

முருங்கை.