தும்புத்தடியோடு ஒரு பையன்

2025 ஜூலை 3, இரவு சப்வேயில் ஒரு பையன் தும்புத்தடியோடு ஏறினான். நீலச் சட்டை. தடி அவனைவிட உயரம். பேஸ்போலில் ஒரு தொடரின் எல்லா ஆட்டங்களையும் வென்றால் இங்கே ரசிகர்கள் அதைத்தான் தூக்குவார்கள்; அந்த வெற்றிக்கு ஆங்கிலத்தில் 'ஸ்வீப்', அதாவது கூட்டிப் பெருக்குவது என்று பெயர்.

எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி நியூயோர்க் யாங்கீஸை நான்கு ஆட்டத்திலும் அடித்து அனுப்பிவிட்டது!

2024இல் 88 தோல்வி, பிரிவில் கடைசி இடம். அன்று புளூ ஜேஸ் முதலிடம்.

கனடா தின ஆட்டம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் 35 வயது ஆட்டக்காரர் ஸ்பிரிங்கர் இரண்டு முறை பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்தார். அதில் ஒன்று மூன்று தளத்திலும் எங்கள் ஆட்கள் நின்றபோது. தனியாளாக 7 ஓட்டங்களைக் கொண்டுவந்தார். இவர் கதை முடிந்தது என்று அதற்கு முந்தைய வருடம் எத்தனை பேர் சொன்னார்கள்!

சரி, பருவத்தின் 162 ஆட்டங்களில் அப்போது பாதிதான் தாண்டியிருந்தது. 2016க்குப் பிறகு அதுவரை, பருவ முடிவில் சிறந்த அணிகள் மோதும் பிளேஓஃபில் ஓர் ஆட்டம்கூட நாங்கள் வென்றிருக்கவில்லை. 2022 பிளேஓஃபில் 8-1 என்று முன்னால் நின்று சியாட்டில் அணியிடம் தோற்றது இன்னும் வலிக்கிறது.

2025 அணி வேறு மாதிரி. சும்மா பந்தைத் தவறவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆகிப் போகவில்லை, எப்படியாவது பந்தைத் தட்டிவிட்டு ஓடினார்கள்.

பயமெல்லாம் பந்துவீச்சில்தான் இருந்தது. 40 வயது பந்துவீச்சாளர் ஷெர்சரை நம்பி மட்டும் அக்டோபர் பிளேஓஃபுக்குப் போக முடியாது என்று நினைத்தேன். அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாளான ஜூலை 31க்குள் நிர்வாகம் இன்னொரு நல்ல பந்துவீச்சாளரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. காசு பார்க்கிற நேரம் அதுவல்ல.