சால்ஸ்பரியில் குதிரைப் பதக்கங்கள்

லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் சால்ஸ்பரி என்ற தென் இங்கிலாந்து ஊர். கூட வந்தவர்கள் ஸ்டோன்ஹெஞ்ச் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். நான் கதீட்ரலுக்கு எதிரே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு நடந்தேன். இங்கே குதிரைப் பதக்கங்களைப் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

13, 14ஆம் நூற்றாண்டுகளில் குதிரையின் மார்புப் பட்டையிலும் பின்பட்டையிலும் தொங்கியவை இவை. செம்புக் கலவையில் கேடய வடிவம், மேலே தங்க முலாம், பள்ளங்களில் எனாமல். அதில் பிரபுக் குடும்பத்தின் சின்னம். தங்க நிறப் பின்னணியில், கூரை போல் மடங்கிய மூன்று சிவப்புக் கோடுகள் இருந்தால் கிளேர் குடும்பம். தங்கமும் நீலமும் கட்டம் கட்டமாக இருந்தால் வாரன் குடும்பம். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கூட யார் வீட்டுக் குதிரை என்று சொல்லிவிடலாம். ஏறி வந்தவர் பிரபுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.

ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன். தீப்பெட்டியைவிடச் சிறியது. முலாம் போய்ப் பச்சை பிடித்திருக்கிறது, ஓர் ஓரத்தில் மட்டும் சிவப்பு எனாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே உள்ள வளையத்தைப் பாருங்கள்: ஒரு பக்கம் தேய்ந்து நூலாகியிருக்கிறது. குதிரை எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் ஆடி ஆடித் தேய்ந்த இடம் அது. எனக்குச் சின்னத்தைவிட அந்தத் தேய்மானம்தான் பெரிதாகப் பட்டது.

இந்த ஊர்த் தெருக்களில் முன்பு திறந்த வாய்க்கால்கள் ஓடின. 1849இல் காலரா வந்தபின் அவற்றை மூடிச் சாக்கடை தோண்டினார்கள். அப்போது சேற்றிலிருந்து கிடைத்த பழம்பொருள்களுக்காகவே 1860இல் இந்த அருங்காட்சியகம் தொடங்கியது.

இப்போது இத்தகைய பதக்கங்கள் பெரும்பாலும் உழுத வயல்களில், மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுபவர்கள் கையில் கிடைக்கின்றன. அவற்றைப் பதிவு செய்ய 1997இல் ஒரு திட்டம் வந்தது. கிடைத்த வயல் எது என்று சொல்லிவிட்டால், ஒரு குதிரை போன வழியில் ஒரு புள்ளி நமக்குத் தெரியும். சொல்லாமல் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டால் மிஞ்சுவது அழகான செம்புத் துண்டு மட்டுமே. அதை நினைத்தால் மனசு பதறுகிறது.

சாயங்காலம் கதீட்ரலுக்குள் போனேன். 1226இல் இறந்த சால்ஸ்பரிப் பிரபு வில்லியம் லாங்கஸ்பேயின் கல்லறைச் சிலை, இடக்கையில் நீண்ட கேடயத்தோடு படுத்திருக்கிறது. கேடயத்தில் சிங்கங்கள். மேலே மூன்று, நடுவில் இரண்டு, கீழே ஒன்று என்று எண்ணினேன். பதக்கத்தில் நகத்தளவுக்குள் செதுக்கும் அதே மாதிரிச் சிங்கங்கள் இங்கே கல்லில் புடைத்து நின்றன.