தம்பியின் ஜாமீனும் இரண்டு வக்கீல்களும்

தம்பி வெளியே வந்துவிட்டான். முதல் வக்கீல் மீதுள்ள ஆத்திரம்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

வேலை பார்த்த நிறுவனத்தின் பணத்தைக் கையாடினான் என்று வழக்கு. கைது, ரிமாண்ட், முதல் ஜாமீன் மனு தள்ளுபடி எல்லாம் மளமளவென்று நடந்தன. அதன்பின் அந்த வக்கீலைப் பிடிக்கவே முடியவில்லை. போன் செய்தால் குமாஸ்தா எடுத்து, "ஐயா கோர்ட்டில் இருக்கிறார்" என்பார். கோர்ட்டுக்குப் போனால் ஐயா வராந்தாவில் நடந்தபடியே, "பார்த்துக்கொள்ளலாம்" என்பார். தம்பியைச் சிறையில் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்கவுமில்லை. இந்த லட்சணத்தில், "குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று என்னிடம் யோசனை வேறு. ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதைத் தம்பியல்லவா முடிவு செய்ய வேண்டும்? அப்படிச் சொல்கிற வக்கீலிடமிருந்து உடனே விலகுங்கள்.

விலகுவதும் லேசல்ல. புது வக்கீலுக்கு வழக்கை நடத்த அதிகாரம் தரும் வக்காலத்துப் பத்திரத்துக்குப் பழைய வக்கீலின் ஆட்சேபனையின்மைக் கையெழுத்து வேண்டும். பாக்கி ஃபீஸ் வந்தால்தான் கையெழுத்தும் கேஸ் கட்டும் என்று அலமாரியைப் பூட்டினார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலைப் புது வக்கீல் கொடுத்தனுப்பினார். குமாஸ்தா அதை உள்ளே கொண்டுபோனார். மாலையில் கட்டு வந்துவிட்டது.

புது வக்கீலம்மா முதல் வேலையாகச் சிறைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். "நீங்கள் வெளியே இருங்கள்" என்றார். சுருக்கென்றது, ஃபீஸ் கொடுப்பது நானல்லவா! "பணம் நீங்கள் தரலாம் சார், என் கட்சிக்காரர் உங்கள் தம்பிதான்" என்றார். திரும்பி வந்தவரிடம், என்ன சொன்னான் என்று கேட்டேன். சொல்லவில்லை. வக்கீலிடம் பேசியதை ரகசியமாகக் காக்கும் கடமை அண்ணனுக்கும் விதிவிலக்குத் தராதாம். நிறுவனத்தின் பணப் பெட்டகத்துக்கு இன்னொரு சாவி உண்டு, அது மேலாளரிடம் இருந்தது என்பதே அவர் எழுதிய மனுவைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து நாள்காட்டியை எடுத்தார். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள பிரிவு. ஆகவே ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆவது பிரிவின்படி ஜாமீன் தந்தே ஆக வேண்டும். ஆனால் நாம் கேட்க வேண்டும். கேட்பதற்குள் போலீஸ் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போச்சு. 61-ஆவது நாள் கோர்ட் திறந்ததுமே எங்கள் மனு ஏறிவிட்டது. குற்றப்பத்திரிகை மதியத்துக்கு மேல்தான் வந்தது. அரசு வழக்கறிஞர் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். உத்தரவு எங்கள் பக்கம்!

ஜாமீன்தாரர்கள் விஷயத்தில் ஒரு நாள் வீணானது. ஒருவருடைய சொத்து வரி ரசீது பழையது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடப்பு ஆண்டு ரசீதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். விடுதலை உத்தரவு கைக்கு வந்ததும் பெயர், தந்தை பெயர், குற்ற எண் மூன்றையும் ரிமாண்ட் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சிறைக்குக் கிளம்புங்கள். எங்கள் உத்தரவில் தம்பியின் தலைப்பெழுத்து மாறியிருந்தது. வக்கீலம்மா அங்கேயே நின்று திருத்தி வாங்கினார்.